முடிவு உள்ள செய்தி: ஒரு மூன்று பேண்ட் ரேடியோவுடன் நான்கு மாதம்

2025 ஜூலை முதல் வாரத்தில் ஒரு ரேடியோ வாங்கினேன். எஃப்.எம்., மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மூன்றும் எடுக்கிற, கைப்பிடி வைத்த, முள் நகர்கிற பழைய மாதிரி செட். விலை 1,650 ரூபாய். மூன்று பெரிய டார்ச் பேட்டரியில் ஓடும், கரண்டிலும் ஓடும். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே வடிவத்தில் மூன்று நான்கு கம்பெனிகள் செட் போடுகின்றன, உள்ளே பெரிய வித்தியாசம் கிடையாது என்று கடைக்காரரே சொன்னார். இந்த வகை ரேடியோ எப்படி இருக்கிறது, நான் எதற்காக வாங்கினேனோ அதற்கு உதவியதா என்பதைத்தான் எழுதுகிறேன்.

பாட்டுக் கேட்பதற்காக வாங்கவில்லை. உலகச் செய்திகளைத் தாங்க முடியாமல் போனதால் வாங்கினேன்.

எனக்கு 49 வயது. திருச்சி உறையூரில் வீடு. மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். மகள் கோவையில் உளவியல் படிக்கிறாள். தம்பி தோஹாவில் ஏசி மெக்கானிக். இவ்வளவுதான் என் உலகம். ஆனால் 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து என் ஃபோன் வழியாக மீதி உலகம் முழுவதும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருடம் அக்டோபரில் காசா. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டு நிலச்சரிவு. ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன். பார்க்காமல் இருப்பது துரோகம் என்று நினைத்தேன். அங்கே ஒரு குழந்தை இடிபாட்டுக்குள் கிடக்கும்போது இங்கே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு குற்ற உணர்ச்சி. அதனால் இடது கையில் ஃபோனை நிமிர்த்தி வைத்துக்கொண்டே நறுக்குவேன்.

2025 ஜூன் மாதம்தான் என்னை உடைத்தது. 12-ஆம் தேதி வியாழக்கிழமை அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. லண்டனுக்குக் கிளம்பிய விமானம், மருத்துவ மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்தச் சில நொடி வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மறுநாளே இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. அதற்கப்புறம் தூக்கம் என்பதே இல்லை. கடையில் ஒரு கொள்முதல் பில்லில் 100 என்று போட வேண்டிய இடத்தில் 10 என்று போட்டேன். 22 வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. முதலாளி திட்டவில்லை, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். அந்த அன்பான கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை, அழுகை வந்தது.

23-ஆம் தேதி திங்கட்கிழமை ராத்திரி பத்து மணி தாண்டி, கத்தாரில் இருக்கிற அமெரிக்கப் படைத்தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. தளத்தின் பெயர் அல் உதைத், தோஹாவுக்குத் தென்மேற்கே. தம்பி தங்கியிருக்கும் சனையா என்ற தொழிற்பகுதியும் ஊரின் அந்தப் பக்கம்தான். வான்வழியை மூடிவிட்டார்கள். நான் அவனுக்கு ஏழு முறை கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. பத்து நாற்பதுக்கு அவனே ஒரு குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, சத்தம் பெருசா கேட்டுச்சு. வானத்துல வெளிச்சம் தெரிஞ்சுது. எங்க பக்கம் ஒண்ணுமில்ல. நாளைக்கு அஞ்சு மணிக்கு டூட்டி, நான் படுக்குறேன். அம்மாகிட்ட சொல்லிரு."

அவன் படுத்துத் தூங்கிவிட்டான். நான் விடியற்காலை நாலு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் ஐந்தேகால் மணி நேரம். அதில் பாதி வீடியோக்கள் வேறு ஊரில் வேறு எப்போதோ எடுத்தவை என்று பிறகு தெரிந்தது. யாரும் சாகவில்லை. அடுத்த நாள் போர்நிறுத்தம் என்று அறிவித்தார்கள். என் உடம்பு அந்த அறிவிப்பை ஏற்கவில்லை. நெஞ்சுப் படபடப்பு ஒரு வாரம் நிற்கவில்லை.

மகளிடம் சொன்னபோது அவள் பாடத்தில் படித்த ஒன்றைச் சொன்னாள். 2013-ல் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பின், கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். குண்டு வெடித்ததற்கு அடுத்த நாட்களில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமாக மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தனவாம். எனக்குத் தம்பியின் குரட்டைதான் ஞாபகம் வந்தது.

அவள் வற்புறுத்தியதால் 14416-க்கு ஒரு முறை பேசினேன். அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். என்னிடம் பேசிய பெண் நிறையக் கேட்டார், குறைவாகச் சொன்னார். அவர் கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. "செய்தி பார்த்து முடிச்சதும் வழக்கமா என்ன செய்வீங்கம்மா?" நான் யோசித்துவிட்டுச் சொன்னேன், "முடிக்கிறதே இல்லையேம்மா."

உண்மையிலேயே அதற்கு முடிவு கிடையாது. விரலால் தள்ளத் தள்ளக் கீழே புதிதாக வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்பவர். அதைச் செய்ததற்காகப் பின்னால் வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். செய்தி ஆப்பை மூன்று முறை நீக்கி மூன்று முறை திரும்பப் போட்டேன். நேரக் கட்டுப்பாடு வைத்தும் பார்த்தேன், "இன்னும் 15 நிமிடம்" என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்துவேன். செய்தியே வேண்டாம் என்று நான்கு நாள் இருந்து பார்த்தேன். தம்பி அங்கே இருக்கும்போது அது முடியாது. தம்பி இல்லாவிட்டாலும் அதை நான் விரும்ப மாட்டேன். காசாவில் நடப்பது எனக்குத் தெரியாமல் போக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. தெரிந்த பிறகு உயிரோடு நடமாட வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

அப்பாவின் ரேடியோ ஞாபகம் அப்படித்தான் வந்தது. காலை ஏழேகால் டெல்லிச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்ற குரல் கேட்டால் எனக்குச் சடை பின்னி முடிந்திருக்க வேண்டும், அதுதான் வீட்டுக் கணக்கு. அந்த அம்மையார் 2022-ல் காலமானபோது வானொலி கேட்டு வளர்ந்த எத்தனையோ பேர் சொந்தக்காரரை இழந்தது போல எழுதினார்கள். இரவில் அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். ஈழத்துச் செய்தி வரும் நாட்களில் அவர் முகம் இறுகிவிடும். முடிந்ததும் ரேடியோவை அணைத்து, துணியைப் போட்டு மூடி, வாசலில் பத்து நிமிடம் நிற்பார். அப்புறம் வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு அக்கறை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1983 ஜூலைக்குப் பிறகு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை நிவாரணத்துக்குக் கொடுத்தவர்.

சரி, கடைக்கு வருகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை. முன்னால் சார்ஜரும் இயர்ஃபோனும் தொங்கும். உள்ளே ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கண்ணாடியில் பூதக்கண்ணாடி மாட்டி ஒரு ஆம்ப்ளிஃபையரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ என்றதும் எஃப்.எம். மட்டும் எடுக்கிற சின்னப் பெட்டியைக் காட்டினார், 500 ரூபாய்க்குள். எதற்காக என்று கேட்டார். "செய்தி மட்டும் கேக்கணும்யா. கேட்டு முடிஞ்சதும் அதுவா முடிஞ்சுறணும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேல் தட்டிலிருந்து இந்தச் செட்டை எடுத்துத் தூசு தட்டி, பேட்டரி போட்டு, மீடியம் வேவில் 936-க்குக் கொண்டுவந்தார். திருச்சி நிலையம். கடைக்குள் ஒரே இரைச்சல். "இருங்கம்மா," என்று டியூப் லைட்டை அணைத்தார், ஃபோன் சார்ஜரைப் பிடுங்கினார், செட்டை அப்படியே கால் வட்டம் திருப்பினார். இருட்டில் ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது.

வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே இழுக்கிற ஏரியல் எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவுக்கு ஏரியல் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது, கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் கோல். அதனால் செட்டைத் திருப்பி வைக்கிற திசையைப் பொறுத்துத்தான் சத்தம். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், ஃபோன் சார்ஜர் எல்லாம் மீடியம் வேவைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் சமையல்கட்டு ஜன்னலில் கிழக்குப் பார்த்து வைத்தால் நன்றாக எடுக்கிறது, கூடத்தில் எப்படி வைத்தாலும் இரைச்சல். இதில் எனக்கு ஒரு நல்லதும் நடந்தது. செய்தி கேட்கும்போது ஃபோனைச் சார்ஜரிலிருந்து எடுத்து, வேறு அறையில் வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. ரேடியோவே அப்படிச் செய்ய வைக்கிறது.

குரல் தரம் நன்றாக இருக்கிறது. ஒரே ஸ்பீக்கர், பேச்சுக்கு ஏற்றது. அம்மாவுக்குக் காது மந்தம், அவருக்கே பக்கத்து அறை வரை கேட்கிறது. பாட்டுக்கு இது போதாது, மிருதங்கமும் தவிலும் தட்டையாகக் கேட்கும். எஃப்.எம்.மில் திருச்சி 102.1 சுத்தமாக வருகிறது, கொடைக்கானல் 100.5-ம் பெரும்பாலும் வருகிறது. ஷார்ட் வேவுக்காக இதை யாரும் வாங்க வேண்டாம். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. நான் முதல் வாரம் தினமும் ராத்திரி அந்த முள்ளை நகர்த்திப் பார்த்தேன், அப்பா வைத்த இடத்தில் காற்றுச் சத்தம்தான் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முள் காட்டுகிற எண்ணை நம்ப முடியாது. 936 என்பது இதில் 900-த்துக்கும் 1000-த்துக்கும் நடுவில் எங்கோ, காதால்தான் பிடிக்க வேண்டும். நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி மூடி தளர்வு, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். கரண்ட் வயர் ஒரு முழம் நீளம்கூட இல்லை. மூன்றாவது மாதத்தில் வால்யூம் திருகு கரகரக்க ஆரம்பித்தது. கடைப் பெரியவர் ஒரு ஸ்பிரே அடித்து, காசு வாங்காமல் கொடுத்தார், இப்போது மறுபடி லேசாகக் கரகரக்கிறது. 1,650 ரூபாய்க்கு இந்தத் திருகு இன்னும் கொஞ்சம் தரமாக இருந்திருக்கலாம். பேட்டரி விஷயத்தில் எனக்குத் திருப்தி. தினம் ஒரு மணி நேர அளவில் ஓட்டினால், ஜூலையில் போட்ட மூன்றும் அக்டோபர் முதல் வாரம் வரை வந்தன.

அரசு வானொலியின் எல்லையும் தெரிந்துதான் கேட்கிறேன். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டது காலையில். வெளிநாட்டு வானொலி பகலிலேயே சொல்லிவிட்டது, நம் வானொலி மாலையில்தான் மரணத்தை அறிவித்தது. அரசு தாமதமாகச் சொல்ல நினைப்பது அதில் தாமதமாகத்தான் வரும். அதனால் காலையில் ஒரு நாளிதழும் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு.

இனி, அது உதவியதா என்ற கேள்வி. முதல் பத்து நாள் உதவவில்லை. செய்தி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், தலைப்புச் செய்திகளை இன்னொரு முறை சொல்வார்கள், செய்திகள் முடிவடைந்தன என்பார்கள். எனக்குக் கை நடுங்கும். அவ்வளவுதானா, மீதி என்ன ஆயிற்று என்று ஃபோனைத் தேடிப் போவேன். அம்மாதான் பிடித்து நிறுத்தினார். "முடிஞ்சிருச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்கல்லடி. உக்காரு, காபி ஆறுது."

அப்படி உட்கார்ந்த ஒரு காலையில்தான் மேட்டூர் அணையின் நீர்மட்டம் காதில் விழுந்தது. சின்ன வயதில் கேட்ட அதே வாக்கியம், இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. அம்மா உடனே, "நெறைஞ்சிருச்சே, இந்த வருஷம் ஆடிப்பெருக்கு அமர்க்களமா இருக்கும்," என்றார். எப்போது திறந்தார்கள் என்று கேட்டேன். ஜூன் 12, குறுவைக்கு என்றைக்கும் திறக்கிற நாள்தானே என்றார். ஜூன் 12. விமானம் விழுந்த அதே நாள். அன்று திறந்த தண்ணீர் சில நாளில் திருச்சிக்கு வந்து, என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், காவிரியில் ஓடியிருக்கிறது. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெஹ்ரானின் தெருக்களைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்ததை நான் பார்க்கவேயில்லை.

அன்று கடைக்குப் போகும் வழியில் இறங்கி ஆற்றைப் பார்த்தேன். கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் காலைச் செய்தி முடிந்ததும் ரேடியோவை அணைக்காமல் விவசாய நிகழ்ச்சியும் கேட்கிறோம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் நெல்லுக்கு எப்போது மேலுரம், குலைநோய்க்கு என்ன அறிகுறி என்று ஒருவர் நிதானமாகச் சொல்வதைக் கேட்பது மனதுக்கு நன்றாக இருக்கிறது. அறுபதுகளில் ஏ.டி.டீ. 27 என்ற நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லி, டெல்டா விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். கேட்ட செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நாற்று விட முடிந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்த ஆயிரக்கணக்கான வீடியோக்களில் அப்படிக் கையில் எடுக்க ஏதாவது இருந்ததா என்று யோசித்தேன். ஒன்றே ஒன்று, நிவாரணத்துக்குப் பணம் அனுப்புவது. அதையும் நான் பார்த்துப் பார்த்து அழுத மாதங்களில் செய்யவில்லை. ரேடியோ வாங்கிய பிறகு ஆகஸ்டில்தான் செய்தேன், இப்போது சம்பளம் வந்ததும் முதல் வாரத்தில் போய்விடுகிறது. அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எடை பார்த்து, ஹீமோகுளோபின் பார்த்து, "நல்லா சாப்பிடுறீங்களாம்மா?" என்று அந்த நர்ஸ் கேட்டபோது, மூன்று மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலங்களில் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிளஸ் டூ பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்து வருடமாகப் போகிறேன். ஜூனில் இரண்டு வாரம் போகவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா எனக்கு வயதில் கொஞ்சம் மூத்தவர். 1995-ல் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் ஒரே இரவில் வெளியேறியபோது நடந்து வன்னிக்குப் போனவர், மூன்று வருடம் கழித்துப் படகில் ராமேஸ்வரம் வந்தவர். பையில் இருந்த ரேடியோவைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. செய்தியாகவே வாழ்ந்தவரிடம், செய்தியைக் கேட்கத் தாங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். "எங்களுக்கும் அப்பிடித்தான் டீச்சர். அங்க கரண்டும் இல்ல, பற்றரியும் விட மாட்டாங்கள். சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, டைனமோவில வயரைக் குடுத்து, ஒராள் பெடலைச் சுத்த மற்ற ஆக்கள் எல்லாம் சுத்தி இருந்து கேக்கிறது. பிபிசி கேப்பம். செய்தி முடிய நிப்பாட்டிப்போடுவம். சும்மா சுத்த ஆருக்கு ஏலும், கை நோகுமெல்லே."

"அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். என்னிடம் ஃபோனில் கேட்ட அதே கேள்வி.

"என்ன செய்யிறது? தண்ணி அள்ளோணும். பங்கர் வெட்டின மண்ணைச் சரிபண்ணோணும். பிள்ளையளுக்குச் சாப்பாடு. செய்தி கேட்டாத்தானே எந்தப் பக்கம் போறது எண்டு தெரியும். தெரிஞ்சாப் பிறகு போறதுக்குக் கால் வேணுமே."

அவர்கள் சைக்கிள் பெடலைச் சுற்றிக் கேட்ட அதே இரவுச் செய்தியை உறையூரில் என் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரேடியோவுக்கு உண்மையான சோதனை செப்டம்பர் 9 அன்று வந்தது. செவ்வாய்க்கிழமை. இஸ்ரேல் விமானங்கள் தோஹா நகரத்துக்குள்ளேயே குண்டு போட்டன. கடையில் ஒரு பையன் ஃபோனைப் பார்த்துச் சொன்னான், "அக்கா, உங்க தம்பி கத்தார்லதானே?" எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டேன், உடனே எடுத்தான். வேலைத்தளத்தில் இருக்கிறேன், இங்கிருந்து தூரம், புகை மட்டும் தெரிகிறது என்றான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருபது நிமிடம் ஃபோனில் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஃபோனை உள்ளறையில் வைத்துவிட்டு, அம்மாவோடு சமையல்கட்டில் உட்கார்ந்து இரவுச் செய்தி கேட்டேன். என்ன நடந்தது, எங்கே, யார் என்ன சொன்னார்கள் என்று பதற்றமில்லாத ஒரு குரல் வரிசையாகச் சொன்னது. பிறகு மற்றச் செய்திகள். பிறகு விளையாட்டு. பிறகு வானிலை. முடிந்தது.

அம்மா மாவாட்டி வைத்திருந்தார். தோசை ஊற்றினேன். சாப்பிட்டு, தம்பிக்கு இன்னொரு முறை பேசினேன். பத்தரைக்குப் படுத்தேன். நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் தூங்கினேன். தம்பி அங்கே தூங்குகிற நேரத்தில் நானும் இங்கே தூங்கினேன்.

இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டவர்களுக்கு, எதிலும் பிடிப்பே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ரேடியோ போதாது. முதலில் 14416, இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வீட்டில் மீடியம் வேவ் சுத்தமாக எடுக்காத அடுக்குமாடிக்காரர்கள் எஃப்.எம். மட்டும் உள்ள சின்னப் பெட்டியே வாங்கலாம், விலையும் பாதிக்கும் கீழே. ஆனால் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊரில் எஃப்.எம்.மில் செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனிலேயே வானொலி ஆப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நானும் வைத்திருந்தேன். அதைத் திறக்கப் போகும்போது வழியில் பத்து விஷயம் கையைப் பிடித்து இழுக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் இந்தப் பெரிய செட்தான் நல்லது, திருகுகள் பெரிது, நடுங்குகிற விரலுக்கும் பிடிபடும்.

நான்கு மாதத்தில் என்ன மாறியது என்று மகள் கேட்டாள். காசா மாறவில்லை, உலகம் மாறவில்லை. கடையில் பில் தப்புவதில்லை. அம்மாவிடம் கத்துவதில்லை. சனிக்கிழமை வகுப்பு ஒன்றுகூட விடவில்லை.

இதை எழுதுகிற இந்த வாரம் ரேடியோ என்னிடம் இல்லை. முகாமில் என்னோடு பேசிய அந்த அம்மாவின் மாமியாருக்குக் கண் தெரியாது, ஒரு வாரம் கேட்கட்டுமா என்று கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன். முகாம் வீட்டில் செட்டை எப்படித் திருப்பினாலும் இரைச்சலாக இருந்தது. கடைசியில் கதவோரம் ஒரு ஸ்டூலில் வடக்குப் பார்த்து வைத்ததும் திருச்சி வந்தது. இந்தச் சனிக்கிழமை போகும்போது மூன்று பேட்டரி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.